மூக்கு போன பிறகு ஒயின் விற்ற கதை

ஒயின் விற்பதில் ஒரு சௌகரியம் உண்டு. "பழசாச்சே, கொஞ்சம் குறைச்சுக் குடுங்க" என்று யாரும் பேரம் பேசமாட்டார்கள். ஒரு சங்கடமும் உண்டு. விற்கிறவள் ஐம்பத்துநான்கு வயதில், நெற்றியில் பொட்டும் கையில் கரண்டியுமாகக் கதவைத் திறந்தால், இதெல்லாம் இவளுடையது என்று ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

பட்டுப்புடவையோ, ஸ்டாம்ப் ஆல்பமோ, எவர்சில்வர் பாத்திரமோ, எதையாவது இருபது வருஷம் ஆசை ஆசையாகச் சேர்த்துவிட்டு ஒருநாள் அதை விற்க வாசலில் நின்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியாது. புரியாமலே இருக்கட்டும், நல்லா இருங்கள்.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், பிளசன்டனில். பதினைந்து நிமிஷம் கார் ஓட்டினால் லிவர்மோர் திராட்சைத் தோட்டங்கள். எனக்கு ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் தரம் பார்க்கிற வேலை. கூட வேலை பார்த்த ஒருத்தி ஒரு சனிக்கிழமை என்னை அங்கே இழுத்துக்கொண்டு போய், கிளாஸை மூக்குக்கு நேரே நீட்டினாள். நாவல்பழம், ஊறவைத்த புளி, அப்புறம் புதுச் செருப்புக்கடை. மூன்றும் வரிசையாக வந்தன. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். நான் அதிகம் குடிக்கிற ஆள் இல்லை. இரண்டு வாய் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவேன், அங்கே அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். எனக்கு வேண்டியது வாசனைதான். என் வீட்டுக்காரர் சேகர் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. ஆனால் இருபது வருஷமாக என்னை அங்கெல்லாம் ஓட்டிக்கொண்டு போய், நான் வருகிறவரை காரில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டவர் அவர்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜுரம் வந்தது. ஜுரம் போனபோது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காலையில் காபி வெறும் கசப்புத் தண்ணீராக இருந்தது. டிகாக்‌ஷன் சரியில்லை என்று சேகரைத் திட்டிவிட்டு அடுப்பைப் பார்த்தால், பால் பொங்கித் தீய்ந்து புகைந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். காலையும் மாலையும் நாலு வாசனைகளை முகர்ந்து பழகச் சொன்னார். பெருங்காயம், கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ் என்று நாலு டப்பா வைத்து ஒரு வருஷம் முகர்ந்தேன். ஒன்றுமில்லை. ஒருநாள் டப்பாக்களை மூடி, "போதும்" என்றேன். ஒயினுக்கும் ஒரு காலம் உண்டு, அது தாண்டினால் கிழடாகிவிடும். மூக்கு இருக்கிறவர்கள் வீட்டுக்காவது போகட்டும், எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்றேன். சேகர் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், சேகர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் சம்மதமில்லை என்று அர்த்தம்.

துக்கம் விசாரித்த பெண்

கலிஃபோர்னியாவில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நாமாக ஒரு பாட்டிலைக்கூட விற்கக்கூடாது. லைசென்ஸ் உள்ள கடைக்காரர்தான் வந்து பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஓக்லாந்தில் அப்படி ஒரு கடைக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் ஒரு சின்னப் பெண். "வீட்டில் நூற்றெழுபது பாட்டிலுக்கு மேல் இருக்கிறது, எல்லாவற்றையும் கொடுத்துவிடப் போகிறேன்" என்றேன். அவள் குரல் சட்டென்று தணிந்தது. "ஐ ஆம் ஸோ சாரி ஃபார் யுவர் லாஸ்" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மூக்கு போனதற்கு இதுவரை யாரும் இப்படி முறையாகத் துக்கம் விசாரித்ததில்லை. "இரண்டு வருஷமாகிவிட்டது, பழகிவிட்டது, இருந்தாலும் காலையில் எழுந்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது" என்றேன். அவளும் உருகிப்போய், "அவருக்கு ரொம்பப் பிடித்த ஒயின் எது?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேஜையில் அடை சாப்பிட்டுக்கொண்டிருந்த சேகருக்கு எனக்கு முன்னாலேயே உறைத்திருக்கிறது. தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"நான் இன்னும் சாகலைன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. அப்படியே வெல்லம் எங்க வெச்சிருக்கன்னும் சொல்லு."

பொட்டு வைத்த பாட்டில்கள்

கடையிலிருந்து மார்ட்டின் வந்தார். அறுபத்தெட்டு வயது, நெட்டை உருவம், கையில் ஒரு சின்ன டார்ச். (அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான், என் தமிழில் தருகிறேன்.) மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒயின் கூலரைத் திறந்து ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் பார்த்தார். கழுத்துவரை ஒயின் இருக்கிறதா, கார்க் கசிந்திருக்கிறதா, லேபிள் சுத்தமாக இருக்கிறதா. மேல் இரண்டு தட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார். லேபிள்களின் மூலையில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை. "இது என்ன பூஞ்சணம்? இந்த நிறத்தில் நான் பார்த்ததே இல்லையே!" என்று விரலால் சுரண்டினார்.

சந்தனமும் குங்குமமும்! ஆயுத பூஜையன்று சேகர் லேப்டாப்புக்கும், காருக்கும், ஸ்க்ரூ டிரைவர் பெட்டிக்கும் பொட்டு வைப்பார். ஒயின் கூலரின் கதவுக்கும் வைப்பார், அது எனக்குத் தெரியும். கதவைத் திறந்து, உள்ளே கைக்கு எட்டிய பாட்டிலுக்கெல்லாம் வருஷா வருஷம் வைத்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கறை படிந்த லேபிளைப் பெரிய ஆட்கள் வாங்கமாட்டார்களாம். என் கலெக்‌ஷனிலேயே ஒசத்தியான முப்பது பாட்டில்! "பாட்டிலுக்கு யாராவது பொட்டு வைப்பாங்களா?" என்று சேகரைப் பிடித்தேன். "தொழில் பண்ற சாமானுக்கு வைக்கணும். உனக்கு லேப் வேலை சோத்துக்கு. இதுதானே உன் தொழில்?" என்றார் அவர், நான் என்னமோ தெரியாமல் கேட்டுவிட்ட மாதிரி. அதை மார்ட்டினுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டுச் சொன்னார்:

"எலி கடித்த லேபிள் பார்த்திருக்கிறேன், வெள்ளத்தில் ஊறிய லேபிள் பார்த்திருக்கிறேன். ஆசீர்வாதத்தால் கெட்டுப்போன லேபிளை இப்போதுதான் பார்க்கிறேன்."

கராஜில் ஆறு மாதம்

நம் வீடுகளில் இது ஒன்றும் புதிதில்லை. ஊரிலிருந்து பெரியவர்கள் விசிட்டர் விசாவில் வந்து இறங்குவதற்கு முதல்நாள், வீட்டில் இருக்கிற பாட்டிலெல்லாம் தலைமறைவாகும். சில வீட்டில் பேச்சலர் நண்பனின் அபார்ட்மென்ட்டுக்குப் போகும். எங்கள் வீட்டில் கராஜுக்குப் போனது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் மாமியார் ஏப்ரலில் வந்து செப்டம்பரில் திரும்பினார். மாடிப்படிக்குக் கீழே இருந்த கூலரில் பூட்டு இருந்ததால் அது தப்பியது. அதில் இடம் போதாமல் ஹாலில் வைத்திருந்த மூன்று பெட்டிகள், அரிசி மூட்டைக்கும் டிஷ்யூ பேப்பர் கட்டுக்கும் நடுவே, மேலே ஒரு பெட்ஷீட் போர்த்திக்கொண்டு கோடை முழுக்க உட்கார்ந்திருந்தன. எங்கள் பக்கத்து ஜூலை வெயிலில் கராஜில் அப்பளம் காயப்போடலாம்.

மாமியார் போனதும் பெட்டிகளை உள்ளே கொண்டுவந்து, ஒன்றும் நடக்காத மாதிரி வைத்துவிட்டேன். லேபில் பத்து பேரைக் கேள்வி கேட்கிறவள், என் வீட்டுத் தப்பை மட்டும் பெட்ஷீட்டால் மூடிவிட்டேன். மார்ட்டினை ஏமாற்ற முடியுமா? கார்க்குகள் மேலே எம்பி நின்றிருந்தன. "இவை சூட்டில் இருந்தனவா? எத்தனை நாள்?" என்றார். ஆறு மாதம் என்றேன். "ஆறு மாதமா! ஏன்?" என்றார். மாமியார் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே அந்த மூன்று பெட்டிகளையும் தனியாகத் தள்ளிவைத்தார்.

"என் மாமியார் வந்தபோது ஒயினை உள்ளே வைத்துவிட்டு நான் கராஜில் இருந்தேன். அதுதான் சரியான முறை."

கோமதி சொன்னது

கராஜ் சூட்டில் வெந்து கெட்டுப்போன மூன்று பெட்டியையும் சிங்க்கில் ஊற்றினேன். வீடே மணக்கிறது என்று சேகர் ஓடிவந்து ஜன்னலைத் திறந்தார். நான் சிங்க்குக்கு நேர் மேலே நின்றுகொண்டிருந்தேன், எனக்கு ஒன்றுமே இல்லை. அன்றைக்குத்தான் நிஜமாகவே அழுதேன். பொட்டு வைத்த முப்பது பாட்டில் மிச்சம் இருந்தது. லேபிள்தான் கெட்டதே தவிர, உள்ளே இருப்பது முதல் தரம். "விற்க முடியாது, நண்பர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று மார்ட்டின் சொல்லியிருந்தார். கொடுப்பது என்று முடிவு செய்தேன், ஒரே ஒரு நிபந்தனையோடு. என் வீட்டில், என் முன்னால் திறந்து முகர்ந்து பார்த்து, என்ன வாசனை என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் வந்தவள் ஃப்ரீமான்ட் கோமதி. தமிழ்ப் பள்ளியில் என்னோடு சொல்லிக்கொடுப்பவள். எதைக் கொடுத்தாலும் "சூப்பரா இருக்குடி" என்பாள், என் கருகிய வத்தக்குழம்பு உட்பட. சூப்பர், நைஸ், ஸ்ட்ராங் மூன்றும் செல்லாது என்று கண்டிஷனாகச் சொல்லிவிட்டேன். அவள் கிளாஸுக்குள் மூக்கை விட்டாள், எடுத்தாள், மறுபடி விட்டாள். பழமா என்றேன், இல்லை என்றாள். பூவா என்றேன், இல்லை என்றாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை முகர்ந்தாள். ஒயின் புத்தகங்களில் ஆயிரம் வர்ணனை படித்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவள் சொன்னதை எதிலும் படித்ததில்லை. அந்த ஒயினின் வாசனை எனக்கு அந்த நிமிஷமே ஞாபகம் வந்துவிட்டது.

"ஜுரம் விட்டு, தலைக்கு ஊத்திக்கிட்டு, ஈரத்தலையோட வந்து வெயில்ல உட்காருவோமே... அது மாதிரி இருக்குடி."

ஆப் வைத்திருந்த அங்கிள்

சேதி பரவி, அடுத்த தெரு விசு அங்கிள் வந்தார். பேங்கில் இருந்து ரிட்டயராகி மகனோடு இருப்பவர். ஒயின் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. எல்லாம் போனில் இருக்கும் ஆப்பின் தயவு. பாட்டிலைப் படம் எடுத்தார். கிளாஸை முகர்ந்த மாதிரி பாவனை செய்துவிட்டு, ஓரக்கண்ணால் போனைப் பார்த்து, "பிளாக் கரன்ட், சீடர், கிராஃபைட்" என்று ஒப்பித்தார். "அங்கிள், பிளாக் கரன்ட் சாப்பிட்டிருக்கீங்களா?" என்றேன். "இல்லம்மா" என்றார். "சீடர் மரம்?" "பாத்ததில்ல." போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். பெரியவரிடம் அப்படிச் செய்திருக்கக்கூடாதுதான். ஆனால் என் நிலைமையில் மரியாதைக்கு நேரமில்லை.

அவர் கொஞ்சம் கோபத்தோடுதான் முகர்ந்தார். ஒரு நிமிஷம் கழித்து முகம் மாறியது. மறுபடி முகர்ந்தார், சிரித்தார், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பென்சில் சீவின குப்பைம்மா! பென்ச்சுக்கு அடியில தள்ளிவிடுவோமே, அதேதான். இதையா கிராஃபைட்னு பந்தாவா போட்டிருக்கான்?"

சேகரின் மறுப்பு

இரண்டு வாரத்தில் பொட்டு பாட்டில்கள் பாதிக்கு மேல் காலியாகிவிட்டன. யார் வந்தாலும் சேகர் முறுக்கும் முந்திரியும் கொண்டுவந்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவார். ஒருநாள் சாயங்காலம் யாரும் வரவில்லை. ஒரு பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினேன். "குடிக்க வேண்டாம். மோந்து பாத்து சொல்லுங்க, போதும்" என்றேன். ஊரில் உள்ளவர்களெல்லாம் சொல்கிறார்கள், கட்டின புருஷன் சொன்னால் இன்னும் நன்றாக இருக்குமே என்ற ஆசை. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

விபூதி பூசுகிறவர், கூச்சப்படுகிறார் என்று முதலில் நினைத்தேன். "பாவம் ஒட்டிக்காது, நான் கியாரண்டி" என்று கிண்டல்கூட செய்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் மூடிவைத்த நாலு டப்பாவும் இன்னும் ஜன்னலோரமாக வரிசையாக இருந்தன. எடுத்துப் பரணில் போடுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியும் அவர் போடவில்லை. அதையும் இதையும் சேர்த்து எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இரண்டு நாள் பேசவில்லை. அவர் சொன்னதை அப்போது நான் பிடிவாதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

"நான் மோந்து சொல்ல ஆரம்பிச்சா, அதுவே உனக்குப் போதும்னு ஆயிடும். உன் மூக்கை நீ தேடவே மாட்ட. மத்தவங்க வேணா சொல்லட்டும், நான் சொல்ல மாட்டேன்."

உச்சி

சியாட்டிலில் வேலை பார்க்கும் எங்கள் மகள் நிலா, லாங் வீக்கெண்டுக்கு வந்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இருபத்துநாலு வருஷமாக இப்படித்தான் எங்கள் குடும்பம் நடக்கிறது. அவளுக்கும் ஒரு கிளாஸ் நீட்டினேன். "வெட் டாக், அம்மா" என்றாள். நனைந்த நாயாம்! ஒரு காலத்தில் நான் அந்த பாட்டிலுக்காக மூன்று மணி நேரம் கார் பயணம் போயிருக்கிறேன். இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சிரித்து முடித்ததும் அவள் தன் உச்சந்தலையைத் தொட்டுக் காட்டி, ஏன் இதை நிறுத்திவிட்டாய் என்று கேட்டாள். அவள் என்னைவிட அரை அடி உயரம். ஏர்போர்ட்டில் வந்து இறங்கினால் அவள் கழுத்தை வளைத்து இழுத்து உச்சி முகராமல் நான் விட்டதில்லை. பட்டமளிப்பு விழாவில் அவள் நண்பர்கள் முன்னால்கூட செய்து மானத்தை வாங்கியிருக்கிறேன். மூக்கு போன பிறகு செய்யவில்லை. ஒன்றும் தெரியாமல் தலையில் மூக்கை வைப்பது டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் ஏறுகிற மாதிரி இருந்தது. குழந்தையை ஏமாற்றக்கூடாது என்று வெறுமனே கட்டிக்கொண்டேன். அவள் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். இரண்டு வருஷமாக அம்மாவுக்குத் தன் மேல் ஏதோ வருத்தம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். காரணத்தைச் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். தலையைக் குனிந்து நேராக என் மூக்குக்கு நீட்டினாள்.

"ஸோ வாட் இஃப் யூ கான்ட் ஸ்மெல் எனிதிங், அம்மா? டூ இட் எனிவே."

மார்ட்டினின் ரகசியம்

விற்பனைக்கான பாட்டில்களை எடுத்துப்போக மார்ட்டின் ஒரு சனிக்கிழமை காலையில் வேனோடு வந்தார். சேகரும் சேர்ந்து மூன்று பேருமாகக் கூலரைக் காலி செய்து, பாட்டில் பாட்டிலாகச் சுற்றி, பெட்டிகளில் அடுக்கினோம். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது, இது இன்ன மலைச்சரிவு, இது மழை அதிகம் பெய்த வருஷம் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, திறந்து ஒரு மணி நேரம் கழித்து ஏலக்காய் வாசனை மேலே எழும்பும் என்று சொல்லிவிட்டு, அதை அவரிடம் கொடுக்காமல் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு இப்படித்தான் குணம் சொல்லி அனுப்புவார்கள்.

அவர் சுற்றுவதை நிறுத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தார். என் மூக்கைப் பற்றி இதுவரை அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. தொழிலில் இருக்கிறவர், பாவம், என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்திருப்பார் என்று நினைத்தேன். அது இல்லையாம். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். நம்மைப் போல அவஸ்தைப்படுகிறவர் அவரும்தான் என்று தெரிந்ததும் அவர் மேல் எனக்குப் பிரியமே வந்துவிட்டது.

"வயசானால் மூக்கு மங்கும், மேடம். எனக்குப் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை ஞாபகத்தில் முகர்கிறேன். எங்கள் தொழிலில் நிறைய பேர் அப்படித்தான், வெளியே சொல்வதில்லை."

ஒன்பதாவது பெட்டி

மார்ட்டினின் காகிதத்தில் ஒன்பது பெட்டி. வாசலில் எண்ணினால் எட்டு. மறுபடி எண்ணினோம், எட்டேதான். கூலரில் பார்த்தேன், கராஜில் பார்த்தேன். சேகரும் மும்முரமாகத் தேடினார். சோபா குஷனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பன்னிரண்டு பாட்டில் இருக்கும் பெட்டியைக் குஷனுக்கு அடியில் தேடுகிறவரைப் பார்த்ததும் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இவருக்குத் திருடத் தெரியாது. திருடினால் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். நேரே போய் அவர் கார் டிக்கியைத் திறந்தேன்.

பெட்டி அங்கே இருந்தது. சுற்றிலும் அவருடைய பழைய போர்வை, மேலே லஞ்ச் டப்பாவுக்கு வைக்கிற ஐஸ் பேக் நாலு. எந்தப் பெட்டி என்று மூடியைத் தூக்கிப் பார்த்தேன். விலை அதிகமானதை எடுக்கவில்லை, அழகானதை எடுக்கவில்லை. மார்ட்டின் தன் காகிதத்தில் "இப்போது திறக்கக்கூடாது, இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் வைக்கலாம்" என்று குறித்திருந்த பாட்டில்களாகப் பார்த்துப் பொறுக்கி ஒரே பெட்டியில் சேர்த்திருக்கிறார். ஒயினைப் பற்றி ஒரு எழுத்தும் தெரியாத மனுஷர்.

நான் நம்பிக்கையை மூடி வைத்துவிட்டேன் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை சண்டை போடாதவர், எனக்காகப் பத்து வருஷத்துக்கு நம்பிக்கையை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார். வெயிலில் டிக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பின்னாலேயே வந்து, மாட்டிக்கொண்ட முகத்தோடு என் பக்கத்தில் நின்றார். மார்ட்டின் வாசலில் பேனாவோடு காத்திருந்தார். "எதுக்குங்க இது?" என்றேன். அவர் ஐஸ் பேக்கைச் சரியாகத் தள்ளி வைத்துவிட்டு, பெட்டியின் மூடியை மெதுவாக மூடினார்.

"மூக்கு என்னிக்காவது ஒருநாள் திரும்பி வரும். வர்ற அன்னிக்கு வீட்ல ஒண்ணும் இல்லைன்னு அதுகிட்ட சொல்ல முடியுமா?"

ஆகவே, ஆசையாகச் சேர்த்ததை விற்க வாசலில் நிற்கும் என் இனத்தவர்களே, பெட்டி ஒன்று குறைந்தால் வந்தவரைச் சந்தேகப்படாமல், குஷனுக்கு அடியில் தேடுகிறவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எட்டுப் பெட்டிக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.